கவிழ்ந்த படகில் என் முடிச்சு

கவிழ்ந்த பாய்மரப் படகை நிமிர்த்த இரண்டு பேர் போதும். மூன்றாவதாக ஒருவர் இருந்தால் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நிற்கலாம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அப்படி நின்ற அனுபவம் எனக்கு உண்டு. தண்ணீரில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் என் மனைவி. இன்னொருவரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும் என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தீர்மானம் எத்தனை பத்திக்குத் தாங்கும் என்று தெரியவில்லை.

போர்ட் பிளேரில் கப்பல் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் இருபத்தேழு வருடங்களாகக் கோப்பு எழுதுகிறேன். கடல் என் மேஜைக்கு வருவது இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்ற உருவத்தில்தான். ஐம்பத்து மூன்று வயது, தொண்ணூற்று நான்கு கிலோ. கடலோடிகள் எழுதிய பயண நூல்கள் வீட்டில் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. புயல், பட்டினி, சுறா எல்லாம் அவற்றில் உண்டு. ஜெட்டி என்று இங்கே சொல்லும் படகுத்துறையில் கட்டிக் கிடக்கும் படகில் ஏறியதுமே வாந்தி எடுத்தவர் எவரும் அவற்றில் இல்லை. அந்தக் குறையை நான் ஒருவன் நிவர்த்தி செய்துகொண்டிருக்கிறேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு நாள் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பெரியவர்களுக்கும் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள், ஞாயிறு காலை வகுப்பு, முடிவில், வடக்கே பல மணி நேரக் கடல் பயணத்தில் இருக்கும் லாங் ஐலண்ட் தீவில் மூன்று நாள் முகாம். பாய்மரம் என்ற சொல் அவளை அசைத்திருக்காது. லாங் ஐலண்ட் என்பதைப் படித்ததும் பெயர் கொடுத்துவிட்டாள்.

அதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவளுக்கு லாங் ஐலண்டில்தான் வேலை. மூன்று வருடம் அங்கே தனியாக இருந்தாள். நான் போர்ட் பிளேரில். மூன்று வருடத்தில் நான் அங்கே போனது இரண்டு தடவை. லீவு இல்லை, கடல் சரியில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று காரணங்கள் வைத்திருந்தேன். கப்பல் அலுவலகத்தில் இருப்பவனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதை அவள் நம்புவது போலவே கேட்டுக்கொண்டாள். உண்மை என்னவென்றால், அந்தப் பயணத்தை நினைத்தாலே என் வயிறு கவிழும். இதை அவளிடம் சொல்ல வெட்கப்பட்டு, அன்பில்லாதவன் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தேன். இளம் வயதில் இப்படிப்பட்ட தேர்வுகள் சரியாகத்தான் தோன்றும்.

ஆகவே அவள் பெயர் கொடுத்த மறுநாள் நானும் கொடுத்தேன்.

"எதுக்கு?" என்றாள்.

"உடம்புக்கு நல்லது."

"உங்க உடம்புக்கா, படகுக்கா?"

படகு சின்னது. இந்த ஊரில் டிங்கி என்றால் டீசல் எஞ்சின் வைத்த மீன்பிடிப் படகு என்று அர்த்தம். இது வேறு ஜாதி. இரண்டு பேர் உட்காரலாம், ஒரு பெரிய பாய், ஒரு சின்னப் பாய். யாராவது தும்மினால் கவிழும். கவிழ்ந்ததை இருவருமாக ஐந்து நிமிடத்துக்குள் நிமிர்த்திக் காட்ட வேண்டும். எந்த ஜோடி காட்டுகிறதோ அந்த ஜோடிக்குத்தான் முகாம். தனியாக யாரும் போக முடியாது. லாங் ஐலண்டுக்குப் போகும் படகில் என் மனைவிக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் யார் என்பதுதான் இந்தக் கதை.

சொல்லிக்கொடுத்தது வட அந்தமானில் திக்லிபூர்ப் பக்கத்து வங்காளக் குடும்பத்துப் பெண். இருபத்தேழு வயதிருக்கும். உச்சி வெயிலிலும் சோர்வடையாத குரல். முதல் நாளே எங்களையெல்லாம் வேண்டுமென்றே கவிழச் சொன்னாள். கவிழ்ந்தால் படகு பக்கவாட்டில் சாய்ந்து, பாய் தண்ணீரின் மேல் ஈர வேட்டி போலப் பரந்து கிடக்கும். முதல் வேலை, பாயைப் பிடித்திருக்கும் கயிறுகளைத் தளர்த்திவிடுவது. தளர்த்தாவிட்டால் பாய் தண்ணீரை அள்ளிக்கொள்ளும், எழும்பாது. பிறகு ஒருவர் சுற்றி நீந்திப்போய், படகின் வயிற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின் மேல் ஏறிப் பின்னால் சாய வேண்டும். மற்றவர் படகின் உள்பக்கத்தில் தண்ணீரில் மல்லாந்து சும்மா கிடக்க வேண்டும். படகு நிமிரும்போது அவரைக் கரண்டியால் அள்ளுவதுபோல உள்ளே அள்ளிக்கொண்டு வந்துவிடும். அவர் எழுந்து பலகைக்காரரை உள்ளே இழுத்துப் போடுவார். அவ்வளவுதான்.

எடை அதிகம் என்பதால் முதலில் என்னைப் பலகையில் ஏற்றினார்கள். நான் பலகையின் நுனியில் போய் நின்றேன். படகு நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் நிற்காமல் என் பக்கமாகவே வந்து மறுபடி கவிழ்ந்தது, என் தலையின் மேல். பாய்க்கு அடியிலிருந்து நான் வெளியே வந்தபோது அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாள். "அங்கிள், போர்டு டூட் ஜாயேகா!" பலகை உடைந்துவிடும் என்ற கவலை. நான் உடைவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே என் மனைவி பலகைக்கும் நான் உள்பக்கத்துக்கும் மாற்றப்பட்டோம். சும்மா கிடக்கும் வேலை. அரசு ஊழியனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா என்று பிறகு நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது. உள்ளே கிடப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. படகின் அடிப்பாகம் ஒரு சுவர் போல மறைத்துக்கொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி மூச்சு வாங்குவது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி மல்லாந்து கிடப்பது? விளிம்பைப் பிடித்து ஏறினேன். உள்ளிருந்து நான் ஏற ஏற, வெளியே அவள் சாயச் சாய, படகு இருவருக்கும் பொதுவாக நடுவில் நின்றது.

"விடுங்க! கையை விடுங்க!" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"பிடிச்சாத்தானே வரும்?"

"நீங்க பிடிக்கறதாலதான் வரல!"

இந்த உரையாடலை எங்கள் பக்கத்து வீட்டார் பல வருடங்களாக, வெவ்வேறு பொருள்கள் குறித்து, கேட்டிருக்கிறார்கள். அன்று விரிகுடாவே கேட்டது. "அங்கிள், குச் மத் கரோ!" என்று ரப்பர் படகிலிருந்து அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். ஒன்றும் செய்யாதீர்கள். அவ்வளவு சுலபமான கட்டளையை நான் மூன்று முறை மீறினேன். பதினொரு நிமிடம் போனது. படகு கடைசிவரை நிமிரவில்லை, இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

அப்போதுதான் அவர் வந்தார்.

வகுப்பில் ஜோடி இல்லாமல் இருந்தவர். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ்; ஞாயிறும் டியூட்டி. இவர் நிக்கோபார்ப் பக்கம் கச்சால் தீவில் பிறந்தவர். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். இப்போது போர்ட் பிளேரில் ஒரு தோட்ட அலுவலகத்தில் மேற்பார்வையாளர், பத்துபஸ்தியில் வீடு. என்னைவிட இரண்டு வயது இளையவர். முப்பது கிலோவும் இளையவர். எனக்கு 'அங்கிள்' என்று பெயர் வைத்த அந்தப் பெண் அவரை 'பையா' என்றாள். அண்ணனாம். இரண்டு வருட வித்தியாசத்தில் ஒரு தலைமுறை போய்விட்டது.

"டீச்சர், தோடா ரெஸ்ட் எடுத்துக்கிட்டு என்னோட ஒருவாட்டி பண்ணிப் பாருங்களேன்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்றார்.

மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. கொஞ்சம் திமிர் இருந்திருந்தால் நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

ஐம்பது நொடி. என் மனைவி பலகையில் ஏறினாள், அவர் உள்ளே கிடந்தார். உண்மையாகவே கிடந்தார், குளத்தில் விழுந்த இலை மாதிரி. பாய் எழும்பியது, தண்ணீர் கொட்டியது, படகு நிமிர்ந்தது, அவர் கை நீட்டினார், அவள் உள்ளே விழுந்தாள். விழுந்து சிரித்தாள். கரையில் துண்டோடு நின்ற எனக்கு அது கேட்டது. வாயைப் பொத்திக்கொள்ளாத சிரிப்பு. அதைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தேன். லாங் ஐலண்டுக்கு நான் போன இரண்டு தடவைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

அன்று முதல் எங்கள் டாலிகஞ்ச் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாற்காலி கூடிவிட்டது.

"அவரு சொல்றாரு, கையால இழுக்கக் கூடாதாம். முதுகைப் பின்னால சாய்ச்சா போதுமாம். படகு தானா நம்மகிட்ட வருமாம்."

"ஓஹோ."

"அவசரமே படக் கூடாதாம். அது வர்ற நேரத்துக்குத்தான் வருமாம்."

"ரசம் கொஞ்சம் ஊத்து."

கல்யாணமாகி இருபத்தாறு வருடங்கள். நான் சொன்ன எதையும் அவள் யாரிடமாவது 'அவரு சொல்றாரு' என்று எடுத்துச் சொன்னதாக எனக்குத் தகவல் இல்லை. இத்தனைக்கும் நான் நிறையச் சொல்லியிருக்கிறேன். கடல் நீரோட்டங்களைப் பற்றி மட்டும் ஒரு முழு மழைக்காலம் பேசியிருக்கிறேன்.

பொறாமை என்றால் சந்தேகம் என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். சந்தேகம் எனக்குத் துளியும் இல்லை. அவர் அவளை டீச்சர் என்பதைத் தவிர வேறு வார்த்தையில் கூப்பிட்டதில்லை. சந்தேகமாக இருந்தால் சண்டை போடலாம். ஒரு கௌரவம் உண்டு. என்னுடையது அதைவிடக் கேவலம். ஒரு மனிதர் சும்மா கிடப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவர் ஒல்லியாக இருப்பது, நனைந்த தலையை ஒரு உதறு உதறிக் காயவைப்பது, படகில் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்று சொல்லாமல் இருப்பது என்று தனித்தனியாகப் பொறாமைப்பட்டேன். அலுவலகத்தில் கோப்பின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்: அவர் பலம், என் பலம். என் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டிலேயே பயிற்சி செய்யலாம் என்று முடிவெடுத்தேன். எங்கள் கட்டில் படாக் மரம். இந்தத் தீவில் கிடைக்கும் மரங்களில் கனமானது. அதைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தி, கீழ்க் காலின் மேல் ஏறி நின்று, மேல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைப் பின்னால் சாய்த்தேன். அவர் சொன்ன முறைப்படி. அவசரமே படவில்லை. கட்டில் வர்ற நேரத்துக்கு வந்தது. படாக் மரம் உடையாது. நான் அந்த ரகம் இல்லை.

அவள் வந்தபோது நான் தரையிலும் கட்டில் என் மேலும் இருந்தோம்.

"என்னங்க இது?"

"அடியில பெருக்கலாம்னு..."

"வெளக்கமாறு எங்க?"

அவள் கட்டிலைத் தூக்கினாள். கையால் இழுக்கவில்லை, முதுகைச் சாய்த்துத் தூக்கினாள். ஒரே தடவையில் வந்தது. இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தேய்க்கும் கை குலுங்கிக்கொண்டே இருந்தது.

இப்போது என் பலத்தைச் சொல்ல வேண்டும். எனக்குக் கட்டத் தெரியும். அட்டைப்பெட்டி கட்டத் தெரியும். மெயின்லாண்டுக்குக் கப்பலில் போகிறவர்களோடு நாலு நாள் அடித்தட்டு பங்க் கிளாஸில் உருண்டு, கூலியாள் தலையில் ஏறி, கடைசியில் திருச்சியிலோ ராமநாதபுரத்திலோ திறக்க வேண்டிய பெட்டி அது. டாலிகஞ்சிலும் பக்கத்திலும் ஊருக்குப் புறப்படுகிறவர்கள் எனக்கு ஆள் அனுப்புவார்கள். என் கட்டுக்கு இரண்டு விசேஷம். ஒன்று, துளித் தொய்வு இருக்காது. இரண்டு, அவிழ்க்கலாம். இங்கே யாரும் கயிற்றை வெட்ட மாட்டோம். நல்ல கயிறு மெயின்லாண்டிலிருந்து வர வேண்டும்; அதை வெட்டுகிறவனை இந்த ஊரில் ஊதாரி என்பார்கள். என் முடிச்சுக்குள் ஒரு சின்ன வால் மடங்கி ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் எல்லாம் கலகலவென்று விழும். எங்கே இருக்கிறதென்று எனக்கு மட்டும் தெரியும். வீட்டுப் பெட்டிகளைக்கூட நான்தான் அவிழ்ப்பேன். மனைவி பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்பாள். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கும் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாவது ஞாயிறு பரீட்சை. ஜோடியை அவரவரே முடிவு செய்யலாம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். என் மனைவி கணக்கு டீச்சர் போலவே பேசினாள்.

"முதல்ல அவரோட பண்றேன். அடுத்து உங்களோட. எது அஞ்சு நிமிஷத்துக்குள்ள வருதோ அதோட போறேன்."

"ரெண்டும் வந்தா?"

அவள் என் இடுப்பைப் பார்த்தாள். "வரட்டும், அப்பப் பாக்கலாம்."

படகுகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பெரிய பாயின் கயிறு புதிது. ஒன்றரை மாதம் காத்திருந்து முந்தின கப்பலில்தான் வந்திருந்தது. அதன் நுனி தண்ணீரில் நழுவிவிடாமல் இருக்கப் படகின் தரையில் ஒரு வளையத்தில் கட்டி வைப்பது வழக்கம். அந்தப் பெண் கயிற்றை என் கையில் கொடுத்து, நுனியை மட்டும் கட்டச் சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டினேன். ஐந்து வாரத்தில் முதல்முறையாக எனக்குத் தெரிந்த வேலை. கட்டி முடித்துப் பார்த்தால் மீதிக் கயிறு படகுக்குள் நான்கைந்து சுற்றாகத் தொளதொளவென்று கிடந்தது. அவரும் என் மனைவியும் இந்தக் கயிற்றைத்தான் பிடிக்கப்போகிறார்கள். கடலுக்குப் போகும் சாமானில் இவ்வளவு தொய்வா? என் கை சும்மா இருக்கவில்லை. தொய்வையெல்லாம் இழுத்து, ஒரு முழம் மட்டும் விட்டு, அதே வளையத்தில் இன்னொரு கட்டுப் போட்டேன். வாலை உள்ளே மடக்கினேன். அவர்கள் சிரித்துக்கொண்டு போகும் படகில் என் கைவேலை ஒன்று இருக்கட்டும் என்று நினைத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கெடுக்க நினைக்கவில்லை. கூட இருக்க நினைத்தேன்.

காற்றுக்கு எதிராகச் சாய்வாகப் போகும்போது பாயை இறுக்கித்தான் பிடிக்க வேண்டும். அதனால் போகும்வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மிதவைக்குப் பக்கத்தில் போய் இருவரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். கவிழ்ந்தது. அவள் சுற்றிப் போய்ப் பலகையில் ஏறினாள். நான் கரையில் மனத்துக்குள் ஐம்பது எண்ண ஆரம்பித்தேன். அதற்குள் முடிந்துவிடக் கூடாது என்று ஒரு மனம், முடிந்துவிட்டால் பார்க்க வேண்டாமே என்று ஒரு மனம்.

ஐம்பது போனது. நூறு போனது. பாய் தண்ணீரிலிருந்து பாதி எழும்பி, ஒரு குளத்தையே சுமந்துகொண்டு நின்று, திரும்பப் படுத்தது. மறுபடி எழும்பியது, காற்று அடித்தது, மறுபக்கம் விழுந்தது. மூன்றாவது தடவை அவள் பலகையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள். என் சந்தோஷத்தை எண்ணினால் சுமார் பத்து நொடி வரும். அதற்குள் அவர் தண்ணீருக்குள் கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதை யாரோ கட்டிப் போட்ருக்காங்க! அவிழ மாட்டேங்குது!" என்று கத்தினார்.

என் மனைவி நீந்திப் போனாள். கையை விட்டுத் தடவினாள். பிறகு கரைப் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க!"

அந்த வார்த்தையை அவள் பல விதத்தில் சொல்வாள். காய்கறிப் பையை வாங்கிக்கொள்ளச் சொல்லும் விதம், விருந்தாளி முன்னால் பேச்சை நிறுத்தச் சொல்லும் விதம். இது எனக்குப் புதிது.

ரப்பர் படகில் இருந்த பெண் கத்தியை எடுத்துவிட்டாள். வெட்டாதே, புதுக் கயிறு என்று என் மனைவி தடுத்தது கரைவரை கேட்டது. "மத் காட்டோ! நயா ரஸ்ஸி! அங்கிளைக் கூட்டிட்டு வா!"

வந்தாள். ரப்பர் படகில் என்னை ஏற்றினாள். மிதவைப் பக்கம் போனதும் லைஃப் ஜாக்கெட்டோடு குதித்தேன், அதாவது விழுந்தேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "வாங்க அண்ணே. நீங்க கட்டுனதுங்களா? அடேங்கப்பா, என்னா கட்டுங்க இது!" என்றார். அதில் கிண்டல் இல்லை. அதுவும் தாங்க முடியவில்லை.

தண்ணீருக்குள் கண் தெரியாது. விரல்தான். நனைந்து இறுகியிருந்தது. வால் இருக்கும் இடம் என் விரலுக்குத் தெரியும். பிடித்தேன், இழுத்தேன். கலகலவென்று விழுந்தது. வெளியே அவள் மறுபடி பலகையில் ஏறியிருந்தாள். அவர் முன்முனையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தார். உள்பக்கத்தில் நான் மட்டும்.

"அங்கிள், குச் மத் கரோ!"

இந்த முறை செய்யவில்லை. களைப்புதான் காரணம்; ஞானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மல்லாந்து கிடந்தேன். மேலே வானம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு. திடீரென்று அந்தச் சுவர் என் முதுகுக்குக் கீழே வந்தது, நான் உள்ளே அள்ளப்பட்டேன். முழங்காலில் எழுந்து, அவள் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே விழுந்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகுதான் கவனித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எழும்பி நின்று காற்றில் படபடக்கும் பாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் அன்றைக்கு அந்த ஐம்பதாவது நொடியில் சிரித்ததும் இதற்குத்தான். நான்கு வாரமாகத் தப்பான ஆள்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். பிளைவுட்டும் துணியுமாக இருக்கும் ஒரு சாமான் மேல் எப்படிப் பொறாமைப்படுவது என்று யோசித்தேன். முடிந்தது.

"இது கணக்கில் வராது," என்று ரப்பர் படகிலிருந்து தீர்ப்பு வந்தது. வெளியாள் உதவி. முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை சிவந்து உரிந்திருந்தது. அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே, வேறெங்கோ பார்த்தபடி இருந்தார்.

"இன்னும் ஒரு தடவைக்குத்தான் கையில தெம்பு இருக்கு," என்று என்னிடம் சொன்னாள். "நீங்க பண்றீங்களா?"

நிஜமாகத்தான் கேட்டாள். ஆம் என்றால் என்னோடுதான் செய்திருப்பாள். அவள் கேட்கும் தினுசு எனக்குத் தெரியும். நானும் ஒரு முறை சும்மா கிடந்துவிட்டேன். மறுமுறையும் கிடப்பேனா? சுவருக்கு அப்பால் உரிந்த கையோடு அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு? என் கையைப் பற்றி எனக்குத் தெரியும். அது பிடிக்கும். பிடித்தால் அவளுக்கு லாங் ஐலண்ட் இல்லை. ஏற்கெனவே மூன்று வருடம் அந்த ஊரை அவளுக்குக் கெடுத்தவன் நான்.

"அவரோட பண்ணு," என்றேன். "எனக்கு இடுப்பு."

"இடுப்பா?"

"கட்டில்."

பெருந்தன்மை என்று தோன்றினால் அது எழுத்தின் கோளாறு. ரப்பர் படகில் ஏறி உட்கார்ந்ததும் அவர்கள் நேரத்தை நான் எண்ணினேன். நாற்பத்தெட்டு நொடி. இரண்டு நொடி குறைத்திருந்தார்கள். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

முகாமுக்குப் படகுகளைப் பெரிய லாஞ்சில் ஏற்றி, ஜோடிகளோடு அனுப்பினார்கள். நான் லீவு போட்டு, பயணிகள் படகில் டிக்கெட் வாங்கினேன். கிடைத்தது. பையில் நான்கு எலுமிச்சம்பழம், ஒரு கட்டு பாலித்தீன் பை. பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாலித்தீன் பை எதுவும் மீதி வரவில்லை. லாங் ஐலண்ட் ஜெட்டியில் இறங்கி, நிலம் ஆடுவது நிற்கும்வரை ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

மதியத்துக்கு மேல் அவர்கள் படகு வந்தது. அவள்தான் ஓட்டினாள். தூணருகே என்னைப் பார்த்ததும் ஒரு கணம் பாய் தளர்ந்தது. கரையேறி, தலையைப் பிழிந்துகொண்டே ஜெட்டியைக் காட்டினாள்.

"அந்த மூணு வருஷமும் சனிக்கிழமை சாயங்காலம் அங்கதான் நிப்பேன். நீங்க நின்னீங்களே, அதே தூண்."

"நல்ல தூண்," என்றேன். வேறென்ன சொல்வது?

ஓதம் ஏறினால் படகை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று, மணலில் ஏற்றி ஒரு மரத்தில் கட்டச் சொன்னாள் அந்தப் பெண். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அண்ணே, நீங்க கட்டுனா சுனாமி வந்தாலும் நிக்குங்க," என்றார் அவர். கட்டினேன். வாலை மடக்கினேன். என் மனைவி பக்கத்தில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து கால் மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர் வந்து என்னை எழுப்பினார். "அண்ணே, கொஞ்சம் அவுத்து விட்டீங்கன்னா..." போய் அவிழ்த்தேன். சாயங்காலம் மறுபடி கட்டினேன். நான் எழுந்திருக்காமல் அந்தப் படகு புறப்படாது என்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தந்தது என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் யாரும் எழுப்பவில்லை. வெயில் முகத்தில் அடித்து விழித்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் மரத்தடியில் கயிறு அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. வெட்டவில்லை. கடலில் எங்கேயோ ஒரு வெள்ளைப் பாய்.

அது திரும்பும்வரை ஜெட்டித் தூணில் சாய்ந்துகொண்டு நின்றேன். அவர் தலையை ஒரு உதறு உதறிவிட்டு டீ குடிக்கப் போனார். அவளிடம் துண்டைக் கொடுத்தேன்.

"யார் அவிழ்த்தது?"

"நான்தான்."

"எப்படி?"

"இருபத்தாறு வருஷமா பெட்டி கட்டறதப் பாக்கறேன். அந்த வாலு இடது பக்கம் மடங்கியிருக்கும்."

"அப்ப அன்னிக்குத் தண்ணிக்குள்ள நீயே அவிழ்த்திருக்கலாமே?"

அவள் முகத்தைத் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள்.

நான் டீக்கடைப் பக்கம் பார்த்தேன். அவர் இரண்டு கண்ணாடி டம்ளர்களோடு எங்களுக்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தார், ஒரு சொட்டுச் சிந்தாமல்.

"அவருக்குக் காட்டிக் குடுத்தியா? எங்க இருக்குன்னு?"

"இல்ல."

டீயை வாங்கிக்கொண்டேன். சர்க்கரை சரியாக இருந்தது. அதைக்கூட அன்று மன்னித்தேன்.